முருங்கையில் இறங்கிய ரொக்கட்

வேலணை,
ஆவணி 1969

பேரன்புக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

வேலிக்கு மேற்கே வசிக்கும் பெறாமகள் இராசேஸ்வரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். நீங்களும் நலம் என்பது காலையில் பசுவை ஏசும் சத்தத்தால் தெரிகிறது. உங்களோடு கதைக்கக் கூடாது என்று உங்கள் தம்பியான எங்கள் ஐயா போட்ட சட்டத்தில் எழுதக் கூடாது என்று இல்லை. ஆகவே தபாலில் சேர்க்கிறேன். வேலியைத் தாண்ட ரொக்கட்டுக்கு ஒரு மூச்சுப் போதுமாயிருந்தது. இந்தக் கடிதமோ தபாற்கந்தோருக்குப் போய், முகத்தில் முத்திரைக் குத்து வாங்கிக்கொண்டு, எங்கள் படலையைக் கடந்துதான் உங்களிடம் வரவேண்டும்.

விஷயம் அந்த ரொக்கட்தான். மனிதன் சந்திரனில் கால் வைத்த செய்தியை றேடியோவில் கேட்ட நாள்முதல், எங்கள் ஆறு வயதுப் பாமாவும் நாலு வயதுத் தம்பியும் நிலாவுக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்கிறார்கள். வீட்டில் விஞ்ஞானி நான் ஒருத்திதானே. கோயில் திருவிழாவில் மிஞ்சிய வாணங்கள், மட்டைக் குழாய், பால்மா ரின்னில் வெட்டிய செட்டைகள், நிறுத்தி ஏவுவதற்கு ஐயாவின் குடைக்கம்பி, இறங்கும்போது விரிய ஐயாவின் வெள்ளைப் பட்டுச் சால்வையில் ஒரு பாதி (அலுமாரியில் மடித்து வைத்தால் பாதி என்று தெரியாது). குடை ஏன் நொண்டுகிறது என்று ஐயா கேட்டார். மழை பெய்யட்டும், பார்ப்போம் என்றேன். முதல் ரொக்கட் வேலியோரக் கோழிக்கூட்டுக்குள் புகுந்தது. பேடு இன்னும் முட்டையிடவில்லை. இரண்டாவது அதே பக்கம் அம்மா கூழுக்கென்று பனங்கிழங்கைப் பிளந்து காயப்போட்ட ஒடியலுக்குள் விழுந்து, அன்றைய கூழில் வெடிமருந்து மணத்தது.

மூன்றாவதுதான் ரொக்கட். பொழுது சாயும் நேரம். பாதி தின்ற நுங்குபோல வானத்தில் நிலா. சீ என்று ஒரு சத்தம், பிறகு சத்தமே இல்லை. பனைகளுக்கு மேலே போய், பனைகளை மறந்து, கடலும் வானமும் ஒரே நிறமாய்க் கிடந்த இடத்தில் ஒரு புள்ளியாக நின்றது. தம்பி நிலாவுக்குக் கை காட்டினான். பாமா கைகளை விரித்து, தானும் மிதப்பவள்போல மெல்லச் சுற்றினாள். நானே வாயில் ஒரு பகிடியும் வராமல் நின்றனான் என்றால் யோசித்துப் பாருங்கோ. சால்வை விரிந்தது. எந்த ஊரில் இறங்கலாம் என்று யோசிப்பதுபோல அசைந்து அசைந்து வந்து, பாழாய்ப்போன சோளகக் காற்றுத் தள்ள, உங்கள் முருங்கை உச்சியில் குந்திவிட்டது.

மறுநாள் மீன்காரப் பஸ்ரியாம்பிள்ளை சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

“என்ன அம்பலவாணர், வெள்ளைக்கொடி பறக்குது. தமையனோடை சமாதானமோ?”

ஐயாவும் நிமிர்ந்து பார்த்தார். “கொடி அவரின்ரை வளவிலை எல்லோ பறக்குது. அப்ப தோத்தது அவர்.”

அன்றைக்கு இரண்டு மீன் கூடவே வாங்கினார். வேலிக் கதியால் ஒரு சாண் நகர்ந்ததா இல்லையா என்று உங்கள் இருவருக்கும் சண்டை; அந்தக் கதியாலால் நமக்கு வந்த கதி இரண்டு வருடம். அதில் தான் வென்றுவிட்டாராம். பறப்பது தன் சால்வை என்று அவருக்குத் தெரியவந்தால் தோற்றது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளோ சோற்றை மறுத்து, வேலியோடு ஒட்டி நின்று அண்ணாந்தபடி இருக்கிறார்கள். வேலியில் நாம் புகுந்து போய்வந்த பொட்டையும் ஓலை வைத்து அடைத்தாயிற்று. நேற்று நீங்கள் கொக்கத்தடியை உயர்த்திச் சால்வையைத் தொட்டதையும், பிறகு ஏனோ இறக்கிவிட்டு உள்ளே போனதையும் கண்டோம். தயவுசெய்து தட்டி விழுத்தி, வேலிக்கு மேலால் எறிந்துவிடுங்கள். யாரும் யாரோடும் கதைக்கத் தேவையில்லை.

பெரியம்மாவுக்கும் ஏச்சு வாங்கும் பசுவுக்கும் என் அன்பு. உங்கள் முருங்கை இனிமேல் முருங்கைக்காய் மட்டுமே காய்க்கப் பிள்ளையார் அருள்வாராக.

இப்படிக்கு,
அடக்கமான பெறாமகள் (அடக்கத்தை அம்மா மறுப்பார்),
இராசேஸ்வரி

பி.கு.: இதை வாசித்துக் காட்டியதும் பாமா அழத் தொடங்கிவிட்டாள். காற்றின்மேல் பிழை இல்லையாம். மூன்று முறையும் நான் நெருப்புப்பெட்டி எடுக்கத் திரும்பிய நேரம் குடைக்கம்பியை உங்கள் பக்கம் சாய்த்தது அவளாம். ஏனடி என்றேன். “பெரியப்பா எறிஞ்சு விட்டா நாங்கள் என்னெண்டு அங்கை போறது, அக்கா?” ஆகவே மேலே எழுதியதெல்லாம் இரத்து. எறிய வேண்டாம். ஐயா ஆறு மணிக்குத்தான் வேலையால் வருவார். அதற்குமுன் மூன்று பேர் குனிந்து நுழையும் அளவுக்கு வேலியில் நாலு ஓலை கழன்றிருந்தால் போதும். பாமா இப்போதே நல்ல சட்டையை எடுத்து வைத்துவிட்டாள்.