வலியை உறிஞ்சிய எரிமலைக் கல்

அன்று காலை பிண்டாராவில் முழங்கால் உள்ள அத்தனை பேரும் பந்துருட்டும் கிளப்பின் வாசலில்தான் நின்றார்கள்.

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றின் மேல் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. கிளப்பின் புல்தரையில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. அந்தக் குளிரில் ஊன்றுகோல்கள் வந்தன. சக்கரம் வைத்த நடைவண்டிகள் வந்தன. பக்கத்து ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய வலி வந்து இறங்கியது. கிறிஸ்துமஸ் விருந்தில் பீர் இலவசம் என்று அறிவித்தபோதுகூட இவ்வளவு கூட்டம் சேரவில்லை. பீர் வெறும் பீர். இது அற்புதம் அல்லவா!

அற்புதத்தின் பெயர் மாஸ்டர் சோலன். தோள்வரை வெள்ளி முடி. கழுத்தில் சிப்பி மாலை. ஜூலை மாதக் குளிரிலும் வெறுங்கால். ஏதோ ஒரு தீவில், எரிமலையின் வாய்க்குள் இறங்கித் தவம் இருந்தாராம். அவருடைய தவத்தைத் தாங்க முடியாமல் எரிமலையே ஒரு கருங்கல்லைக் கக்கி அவர் மடியில் போட்டதாம். எந்தத் தீவு என்று கேட்டால் சொல்ல மாட்டார். சொன்னால் கல்லுக்குக் கோபம் வந்துவிடுமாம். ரொம்ப ரோஷக்காரக் கல்.

கல்லைக் கறுப்பு வெல்வெட் துணியில் சுற்றி, மாஸ்டர் அதை நன்றாக உலுக்குவார். "எழுந்திரு, நெருப்பின் மகளே!" என்று எழுப்புவார். பிறகு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் முணுமுணுப்பார். அதன்பின் துணியோடு முட்டியின் மேல் வைப்பார். வலி இருந்தால் கல் சூடேறும். வலியை உறிஞ்ச உறிஞ்சக் கொதிக்கும். நோயாளியைக் கையால் மட்டும் தொடமாட்டார். மனிதக் கை பட்டால் சக்தி கலைந்துவிடுமாம். கட்டணம் கிடையாது. அன்பளிப்புதான், அவரவர் விருப்பம். ஐம்பது டாலருக்குக் குறைந்த விருப்பங்களை மட்டும் வாசலில் இருந்த உதவியாளர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இந்த அற்புதத்துக்குக் கிளப் மண்டபத்தைத் திறந்துவிட்ட பெருமை அதன் தலைவி மாவிஸ் டில்புரூக்கையே சேரும்.

மாவிஸ் முட்டாள் இல்லை. ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே பின்சீட்டில் எவன் என்ன செய்கிறான் என்று சொல்லிவிடுவாள். ஆனால் இடது முழங்கால் வலிக்கத் தொடங்கியபோது அந்தப் பார்வையை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டாள்.

முதலில் ஒழுங்காகத்தான் சுகாதார மையத்துக்குப் போனாள். அங்கே பிசியோதெரபிஸ்ட் பிரிஜிட், எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினாள்.

"மூட்டுல குருத்தெலும்பு தேஞ்சிருக்கு, மாவிஸ். பயப்பட ஒண்ணுமில்ல. நாற்காலியில இருந்து கை ஊனாம எழுந்து எழுந்து உக்காருங்க. தொடைத் தசை பலமானாத்தான் முட்டி மேல பாரம் குறையும். வீக்கம் வந்தா ரெண்டு நாள் வேலைய குறைச்சுக்கிட்டு ஐஸ் ஒத்தடம் வைங்க. அதுக்காகப் படுத்தே கிடக்காதீங்க. மாத்திரை டாக்டர் சொன்ன அளவுல, சாப்பிட்ட பிறகு."

"எப்ப சரியாகும்?"

"அடியோட போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். விடாம செஞ்சா ரெண்டு மூணு மாசத்துல வலி உங்களை ஆட்டிப் படைக்காது."

மாவிஸின் முகம் விழுந்துவிட்டது. உண்மைக்கு எப்போதும் இந்த ஒரு குறை உண்டு. அதைச் சுற்றித் தர வெல்வெட் துணி கிடையாது.

அந்த வாரம்தான் மாஸ்டரின் கேரவன் ஆற்றங்கரையில் வந்து நின்றது. மாவிஸ் போனாள். கல் கொதித்தது. முட்டி இளகியது. கண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு. சூடு பட்டால் இறுகிய தசை இளகும். வீட்டில் இருந்த வெந்நீர்ப் பையும் அதையேதான் செய்திருக்கும். பாவம், வெந்நீர்ப் பை எரிமலைக்குள் தவம் இருந்ததில்லை.

சாயங்காலம் வலி திரும்பிவிட்டது. மறுநாள் மாவிஸ் போய்க் கேட்டாள். மாஸ்டர் சோகமாகச் சிரித்தார்.

"உன் உடம்பு பூரா மாத்திரை விஷம், மகளே. ரசாயனம் இருக்கிற இடத்துல கல் வேலை செய்யாது. அந்தப் பயிற்சியையும் விட்டுடு. கல் உள்ளுக்குள்ள தைக்கிறத, நீ ஆட்டி ஆட்டிப் பிரிக்கிற."

மாத்திரைகள் குப்பைத் தொட்டிக்குப் போயின. பயிற்சி நின்றது. அவளைப் பார்த்து, அவளுடைய தோழி நோலீனும் மாத்திரைகளைக் கொட்டினாள். அவள் கொட்டியது ரத்த அழுத்த மாத்திரை. இரண்டு வாரத்தில் கறிக்கடையில் நின்றபடியே சரிந்து விழுந்து, ஆம்புலன்ஸில் போனாள். "விஷம் வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார் மாஸ்டர். நல்ல அறிகுறி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது.

 மாவிஸின் முட்டியும் அதற்குள் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. படியில் பக்கவாட்டில்தான் இறங்கினாள். ஆனால் ஊர் முழுக்கச் சொல்லியாயிற்றே! யாராவது கேட்டால், "அற்புதம், வலியே இல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் பிரோக்கன் ஹில்லிலிருந்து அவள் தங்கை கிளெனிஸ் வந்தாள். சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவள். வாயும் லாரி அளவுக்குப் பெரியது. சமையலறையில் அக்கா மேசையைப் பிடித்துப் பிடித்து நடப்பதைப் பார்த்தாள்.

"ஏண்டி மாவிஸ், இதுதான் குணமான முட்டியா? அப்ப குணமாகாதது எப்படி இருக்கும்?"

"கேலி பண்ணாத. நம்பிக்கை வேணும்."

"நம்பினா கல்லு சூடாகுமா, இல்ல வலி இருந்தா சூடாகுமா?"

"வலி இருந்தாத்தான். கல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நாளைக்கு வந்து உன் கண்ணாலயே பாரு."

"பாக்கிறதென்ன, நானும் காட்டிட்டே வரேன்" என்றாள் கிளெனிஸ், கேக்கை வாயில் திணித்துக்கொண்டு.

அப்படித்தான் அன்று காலை கிளெனிஸும் வரிசையில் நின்றாள். கனமான கார்டுராய் கால்சட்டை, லேசான நொண்டல். அந்த நொண்டலை மாஸ்டர் மேடையிலிருந்தே கவனித்துவிட்டார். நொண்டலைக் கவனிப்பதுதானே அவருடைய தொழில்.

"வா மகளே. எந்த முட்டி?"

"வலது" என்றாள் கிளெனிஸ், நாற்காலியில் உட்கார்ந்து.

முன்வரிசையில் இருந்த மாவிஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிள் விபத்து ஒன்றில் கிளெனிஸின் வலது கால் பாதித் தொடையோடு போய்விட்டது. அந்தக் கால்சட்டைக்குள் இருந்தது உலோகக் கம்பியும் பிளாஸ்டிக் மூட்டும், மேலே சதை மாதிரி ஒட்டிய ரப்பர் பஞ்சும். பிண்டாராவில் அது மாவிஸுக்கு மட்டுமே தெரியும்.

அவள் எழுந்து தடுத்திருக்கலாம். எழவில்லை. மனசுக்குள் ஒரு வேண்டுதல் ஓடிக்கொண்டிருந்தது: 'கண்டுபிடிச்சுடுங்க மாஸ்டர். இந்தக் கால்ல வலி இல்லைன்னு சொல்லிடுங்க. கல்லு குளிர்ந்தே இருக்கட்டும். நான் ஏமாறலைன்னு ஆகட்டும்.'

மாஸ்டர் துணியை உலுக்கினார். நெருப்பின் மகளை எழுப்பினார். கண்ணை மூடி முணுமுணுத்தார். பிறகு பிளாஸ்டிக் முட்டியின் மேல் வைத்தார். ஒரு நிமிஷம் போயிற்று. அவர் புருவம் சுருங்கியது. கைகள் நடுங்கின.

"அம்மாடி! என்ன வலி! என்ன வலி! கல்லு கொதிக்குதே!" முன்வரிசைக் கிழவர் ஒருவரின் உள்ளங்கையில் துணியை ஒற்றிக் காட்டினார். "சுடுது! ஆமா, நல்லா சுடுது!" என்றார் கிழவர். மண்டபம் "ஆ" என்றது.

"எவ்வளவு நாளா இந்த வேதனை, மகளே?"

"இந்த முட்டி வந்த நாள்ல இருந்து."

"எலும்புக்குள்ள ஈரம் இறங்கியிருக்கு. நரம்பெல்லாம் முடிச்சு. ராத்திரியில குத்துமே?"

"ராத்திரியிலயா? அப்ப அது கட்டிலுக்கு அடியில கிடக்கும்."

மாஸ்டருக்குப் பதில் விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டி வைத்தார். கல்லைத் தூக்கி மூன்று முறை ஊதினார். "போச்சு! முழு வலியும் போச்சு! எழுந்து நட!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கிளெனிஸ் எழவில்லை. குனிந்து, கால்சட்டையின் பக்கத்து ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இழுத்தாள். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். 'டக்' என்று சத்தம் கேட்டது. பூட்ஸோடு காலைக் கழற்றி, மாஸ்டரின் மேசையில், அன்பளிப்பு உண்டியலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வைத்தியம் பாதியில நிக்க வேண்டாம், மாஸ்டர். ஒரு வாரம் நீங்களே வச்சிருந்து பாத்துட்டுக் குடுங்க."

டீ ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி கோப்பை நிரம்பியும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மாஸ்டரைக் குறைத்து எண்ணக் கூடாது. பிழைக்கத் தெரிந்தவர். ஒரு நொடி வெளிறினார். மறுநொடி இரு கைகளையும் உயர்த்தினார்.

"பார்த்தீர்களா கல்லின் மகிமையை! போன காலின் வலி போகவில்லை! ஆவியாக இங்கேயே அழுதுகொண்டிருந்தது! என் கல் அதையும் கேட்டது!"

நம்புவீர்களா, கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். "அதானே, இல்லாத கால்ல வலிக்கும்னு நானும் படிச்சிருக்கேன்" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். படித்தவர்!

"எனக்கு அங்க வலிச்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சுய்யா!" என்று கத்தினாள் கிளெனிஸ். யார் காதில் விழுந்தது? கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, காதால் கேட்டதைக் கட்டிக்கொள்ள ஊர் தயாராக இருந்தது.

மாவிஸ் எழுந்தாள். முட்டி சுரீரென்று இழுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து போர்வையோடு உட்கார்ந்திருந்த நோலீன் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வைதான் மாவிஸை மேடைவரைக்கும் தள்ளிக்கொண்டு போயிற்று.

"மாஸ்டர், துணி வேண்டாம். வெறும் கல்லை என் முட்டியில வைங்க. இங்க நிஜமான வலி இருக்கு, வீங்கிப் போய்க் கிடக்கு. சூடாகுதான்னு பாப்போம்."

"துணி இல்லாம கல்லுக்குக் கூச்சம், மகளே..."

"எரிமலைக்குள்ள துணியோடவா இருந்துச்சு?"

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். மாஸ்டர் பொட்டலத்தை மார்போடு அணைத்தார். பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து கவண்களைப் பிடுங்கிப் பழகிய கை மாவிஸுடையது. ஒரே இழுப்பு. துணி பிரிந்தது. கல் அவள் கையில் இருந்தது. ஐஸ்கட்டி போலச் சில்லென்று இருந்தது. கல்லைக் கிழவரிடம் கொடுத்தாள். "பச்சைத் தண்ணி மாதிரி இருக்கே!" என்றார் அவர். துணியைத் தடவினாள். துணிதான் சுட்டது. துணிக்கு ஓர் உள்பை இருந்தது. அதற்குள் விரலை விட்டு, வெள்ளையாக ஒரு சின்னப் பொட்டலத்தை வெளியே எடுத்தாள்.

பின்வரிசையிலிருந்து தூண்டில் கடை டட்லி துள்ளி எழுந்தார்.

"அடப்பாவி! அது என் கடைச் சரக்கு! குளிர்ல மீன் பிடிக்கப் போறவங்க கை காயறதுக்கு வாங்குறது! உறையைக் கிழிச்சு ஒரு உலுக்கு உலுக்கினா தானா சூடேறும். இந்த ஆளு வாரா வாரம் பெட்டி பெட்டியா வாங்குறான். நான் பெரிய மீன்காரன்னு நினைச்சேன்!"

பெரிய மீன்காரர்தான். ஒரு மண்டபம் நிறையப் பிடித்திருந்தார்.

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. உதவியாளர் உண்டியலோடு பின்கதவை நோக்கி நகர்ந்தார்; நடைவண்டி ஒன்று குறுக்கே வந்து மறித்தது. போலீஸ் வருவதற்குள் மாஸ்டர் ஓடப் பார்த்தார். வெறுங்கால், வெளியே உறைபனி. நாலடி ஓடி வழுக்கி முட்டியில் விழுந்தார். "ஐயோ, என் முட்டி!" என்று அலறினார். "கல்லு வேணுமா?" என்று கேட்டாள் கிளெனிஸ், காலை மாட்டிக்கொண்டே.

மாவிஸ் சிரிக்கவில்லை. நோலீனிடம் போய் நின்றாள். "என்னாலதான்டி நீ விழுந்த. என்னை மன்னிச்சுடு."

"உன் பேச்சைக் கேட்டது என் காது, கொட்டினது என் கை" என்றாள் நோலீன். "உக்காரு முதல்ல. நின்னா வீக்கம் கூடும்."

மறுநாள் மாவிஸ் பிரிஜிட்டின் எதிரே தலைகுனிந்து உட்கார்ந்தாள். பிரிஜிட் திட்டவில்லை. வீக்கம் வடியும்வரை ஓய்வும் ஐஸும், டாக்டரிடம் கேட்டு மறுபடி மாத்திரை, பிறகு நாற்காலியில் எழுந்து உட்காரும் அதே பயிற்சி. சலிப்பூட்டும் வைத்தியம். யாரும் கைதட்டவில்லை. வசந்தம் வந்து புல்தரை பச்சையானபோது மாவிஸ் பந்து உருட்ட இறங்கினாள். முட்டி முற்றிலும் குணமாகவில்லை. நெடுநேரம் நின்றால் முனகும். முனகினால் உட்காருவாள். அவ்வளவுதான் விஷயம்.

ஊர் திருந்திவிட்டதா? மாவிஸ் பந்து உருட்ட இறங்கிய அதே வாரம் அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. யாரோ ஒரு அம்மாள் செம்பு வளையலில் சந்திர ஒளியை அடைத்து விற்கிறாளாம், இடுப்பு வலிக்கு ரொம்ப விசேஷமாம். கிளப்பில் இரண்டு பேர் விலாசம் கேட்டு வைத்திருந்தார்கள்.

மடக்கி நீட்டாத முட்டி இறுகிப் போகும் என்கிறாள் பிரிஜிட். மூளைக்கும் அதே கதிதான், நண்பர்களே. முட்டிக்காவது மாத்திரை இருக்கிறது.