சம்பந்தியின் மஞ்சள் பூட்ஸ்

யாராவது எனக்கு நல்ல சட்டை வாங்கிக் கொடுத்தால், அன்றைக்கே அதைப் பிடித்து அலமாரிக்குள் சிறை வைத்துவிடுவேன். இது என் பழைய வியாதி. பினாங்கில், டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டு அலமாரியின் மேல்தட்டில் குண்டூசிகூடக் கழற்றாத சட்டைகள் பதினொன்று, ஒரு பட்டு ஜிப்பா, இத்தாலியத் தோல் என்று கடைக்காரர் சத்தியம் செய்த ஒரு ஜோடிக் கறுப்புச் சப்பாத்து, எல்லாம் ஏதோ ஒரு நல்ல நாளுக்காகக் காத்துக் கிடந்தன.

மற்ற நாள்களில் நான் உடுத்தியது கம்பெனியில் சும்மா கொடுத்த டீ-சட்டைகள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் முதுகில் ‘பாதுகாப்பு வாரம்’ என்று எழுதிய சட்டையோடுதான் ரொட்டி சானாய் சாப்பிடப் போவேன். (கழுத்து தளர்ந்து ஒரு தோள் வெளியே தெரியும். காற்றோட்டம் என்று சொல்லிக்கொள்வேன்.)

“அந்த நல்ல நாள் எப்பங்க வரும்? தேதி சொன்னா நானும் கலண்டர்ல குறிச்சு வச்சுக்குவேன்” என்பாள் என் மனைவி லலிதா.

வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், எங்கள் ஒரே மகள் யாழினியின் திருமணப் பதிவு. கோயில் கல்யாணம் அடுத்த மாதம். முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. பெண் பக்கத்துச் சாட்சி நான். மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி அவருடைய அப்பா முத்தையா. பசாரில் மீன் விற்பவர்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பந்தி எந்தக் கோலத்தில் வந்து நிற்பாரோ என்பதுதான் என் ஒரே கவலையாக இருந்தது. “அவரைக் கொஞ்சம் நல்லா உடுத்திக்கிட்டு வரச் சொல்லும்மா” என்று மகளிடம் இரண்டு முறை சொன்னேன். அவள் டீ-சட்டைக்கு வெளியே இருந்த என் தோளைப் பார்த்தாள்.

பதிவு காலை பத்து மணிக்கு. பட்டு ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பல வருடத்துக்கு முன் கம்பெனி விருந்துக்கு வாங்கி, ஒரே ஒரு முறை போட்டது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. காரை நிறுத்திவிட்டு நடந்தபோது கால் மெத்து மெத்தென்று இருந்தது. விலை கூடிய சப்பாத்து அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“என்னங்க, யாரோ வழியெல்லாம் டோடோல் அல்வாவைச் சிந்தியிருக்காங்க” என்றாள் லலிதா. திரும்பிப் பார்த்தேன். கறுப்பு கறுப்பாகத் துண்டுகள். “நம்ம பின்னாலேயே வருதே லா!”

அடுத்த எட்டில் இடது குதிகால் தரையிலேயே தங்கிவிட்டது. அலுவலக வாசலுக்கு வருவதற்குள் வலது அடிப்பாகம் முழுதாகக் கழன்று விழுந்தது. மேலே இத்தாலியத் தோல், கீழே என் காலுறை.

தொழிற்சாலையில் ஈரப்பதம் ஒரு புள்ளி கூடினாலே அலறி ஊரைக் கூட்டிய ஆசாமி நான். எந்தச் சரக்கு எத்தனை மாதம் தாங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பினாங்கு ஈரக்காற்றில் வருடக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்தால் சப்பாத்தின் அடிப்பாகம் உளுத்துப்போகும் என்பது மட்டும் இந்தத் தலைக்கு எட்டவில்லை.

காரில் கிடந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா கையை நீட்டித் தடுத்தார். “சிலிப்பர் தக் போலே லா, பாக்சிக்.” செருப்பு கூடாது. பின்னால் இருந்த பலகையில் செருப்பு, அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு போட்டிருந்தது. பத்து மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

“பரவால்ல, நான் கையெழுத்துப் போடறேன்” என்றாள் லலிதா. (குரலில் சோகம் அவ்வளவாக இல்லை.)

“இல்லம்மா, எனக்கு அப்பாதான் போடணும்” என்றாள் யாழினி. அவள் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து அவளுடைய ரிப்போர்ட் கார்டில் நான்தான் கையெழுத்துப் போடுவேன். இதிலும் என் கையெழுத்தே இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த நிமிடம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அப்போதுதான் சம்பந்தி வந்தார். நீல நிற பாத்திக் சட்டை, எத்தனையோ முறை துவைத்து இஸ்திரி போட்டது. காலில் தேய்ந்தாலும் மெருகு போட்ட சப்பாத்து. என் காலைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“சம்பந்தி, என்ன சைசு?”

“ஒம்பது.”

“நம்மளும் ஒம்பதுதான். இருங்க.”

தன் வேனுக்கு ஓடிப்போய் முழங்கால் வரை வரும் மஞ்சள் ரப்பர் பூட்ஸோடு திரும்பினார். மீன் கடையில் போடுவது. “கழுவித்தான் வச்சிருக்கேன்” என்றார். (கழுவியிருந்தார். கெம்போங் மீன் வாடைக்கு அது தெரியவில்லை.)

ஜாகா என் காலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி என் காலைப் பார்த்தார். பலகையில் பூட்ஸ் இல்லை. “போலே லா” என்று வழிவிட்டார்.

பட்டு ஜிப்பாவும் மஞ்சள் பூட்ஸுமாக ‘சளக் சளக்’ என்று உள்ளே போனேன். அதிகாரி அம்மா இரண்டு முறை மூக்கை உறிஞ்சி, ஜன்னலைப் பார்த்தார். என் முறை வந்தபோது பேனாவை எடுத்தேன். மேசைக்கு அடியில் யாழினி தன் காலால் என் பூட்ஸை மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நான் அழுதுவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெளியே ஒரு பூனை எனக்காகக் காத்திருந்தது. கார் வரை கூடவே வந்தது.

பிறகு சூலியா தெருவில் எல்லோருமாக நாசி கண்டார் சாப்பிட்டோம். அப்போது சம்பந்தியிடம் மனது கேட்காமல் சொல்லிவிட்டேன். “நீங்க எப்படி வருவீங்களோன்னு நான்தான் மகள்கிட்ட...”

“தெரியும் சம்பந்தி. மருமக அன்னிக்கே சொல்லிடுச்சு” என்று மீன் தலையை என் தட்டில் வைத்தார்.

“கடைக்கும் இப்படித்தான் உடுத்துவீங்களா? ஏப்ரனுக்கு உள்ள யாரு பாக்கறா?” என்று கேட்டேன்.

“நான் பாக்கறேன்ல. மீன்காரன் லா நான். நல்ல மீனை வந்த அன்னிக்கே சாப்பிட்டுடணும், வச்சா நாறிடும். சட்டை மட்டும் என்னவாம்?”

அன்று மாலையே லலிதாவும் நானும் உட்கார்ந்து பதினொரு சட்டைகளிலிருந்தும் குண்டூசிகளைப் பிடுங்கினோம். அவள் தன் காஞ்சிபுரத்தையும் வெளியே எடுத்தாள்; இப்போது கிளினிக்கில் மருந்து வாங்கக்கூட அதைத்தான் கட்டிக்கொண்டு போகிறாள். புதுச் சட்டையோடு போன என்னை ரொட்டி சானாய்க் கடையில் “எங்கண்ணே கல்யாணம்?” என்று கேட்டார்கள். “கல்யாணம் இல்ல தம்பி, செவ்வாய்க்கிழமை” என்றேன். அறுபத்தொரு வயதில், பல வருடங்களுக்குப் பிறகு, என்னைக் கண்ணாடியில் பார்க்க எனக்கே பிடித்திருக்கிறது.

பதிவு அன்று எடுத்த படம் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் பெண்ணையோ மாப்பிள்ளையையோ பார்ப்பதில்லை. நான் எதையாவது பத்திரப்படுத்தினால் போதும், “அப்பா, பூட்ஸ் எடுத்துட்டு வரவா?” என்பாள் யாழினி.

போன தீபாவளிக்குச் சம்பந்தி எனக்கு ஒரு பெட்டி கொடுத்தார். புத்தம்புது மஞ்சள் பூட்ஸ், சைசு ஒன்பது. ஆசையாகத் தடவிப் பார்த்து, பெட்டியோடு அலமாரி மேல்தட்டில் வைத்தேன். திரும்பினால் லலிதா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பட்டு ஜிப்பாவும் புது பூட்ஸுமாக மீன் வாங்கப் போனேன். பசாரே திரும்பிப் பார்த்தது. இந்த முறை பூனைகள் மூன்று.