சம்பந்தி உட்கார்ந்த பிரெஞ்சு நாற்காலி

திருவொற்றியூர்

மச்சான் சைமனுக்கு, உன் அக்காள் புருஷன் தேவப்பிரியம் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசு சுகமில்லை. உன் சுகத்தைக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

என் வீட்டில் நடந்த மகள் பெனிஷாவின் நிச்சயதார்த்தப் பந்தியில் நீ செய்த காரியத்தை எந்தத் தாய்மாமனாவது செய்வானா? சம்பந்தி ஆண்ட்ரூ, எர்ணாவூரில் முப்பது வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். "இங்கிலீஷ் மாதிரி சொந்தக் காலில் நிற்கிற பாஷை கிடையாது" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். ஆமாம் சார் என்று குழம்பை ஊற்றிவிட்டு நகர வேண்டியதுதானே? பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீட்டில் பத்து வருடம் சமைத்துவிட்டாய் என்பதற்காக, வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாயே! "இன்னா சார் சொந்தக் காலு? ஆயிரம் வருசம் முன்னாடி பிரெஞ்சு பேசறவன் கடல் தாண்டி வந்து இங்கிலாந்துல ராஜாவா குந்திகினான். ஆடு மேய்ச்ச இங்கிலீஷ்காரன் ஷீப்புன்னான், துன்ன பிரெஞ்சுக்காரன் மட்டன்னான். நீங்கோ குந்திகினு கீற சேரு, டேபிளு, இலைல கீற மட்டனு, ரைஸு, அல்லாம் பிரெஞ்சுக்காரன் குட்த்த வார்த்தை. உங்க இங்கிலீஷுக்குச் சொந்தமா இன்னா கீது? சால்ட்டு, வாட்டரு, அவ்ளோதான்!"

பந்தியே சிரித்தது. சம்பந்தி முகம் கறுத்துப்போச்சு. நாற்காலியை விட்டு எழுந்தார். மட்டனைத் தள்ளினார். இலையில் இருந்த உப்பைத் தொட்டு நாக்கில் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படியிறங்கிப் போயே போய்விட்டார். சம்பந்தி பாதிப் பந்தியில் எழுந்தால் கல்யாணம் என்னாகும் என்று உனக்குத் தெரியாதா? நாலு நாளாக அங்கிருந்து போன் இல்லை, மாப்பிள்ளை அஜினும் எடுப்பதில்லை, கார்டு அச்சுக்குப் போகவில்லை, உன் அக்காள் அடைக்கலமேரி என்னிடம் பேசுவதில்லை, பெனிஷா ரூமை விட்டு வெளியே வருவதில்லை. எவன் வார்த்தை எவன் வீட்டிலிருந்து வந்தால் உனக்கு இன்னாடா? என் புள்ள வாழ்க்கைடா அது! கல்யாணம் நடந்தாலும் நீ என் வாசப்படி மிதிக்கக் கூடாது. தாய்மாமன் இடத்தில் ஒரு தூணை நிறுத்திக்கொள்கிறேன். அது பேசாது.

கர்த்தர் உன் நாக்கையாவது அடக்கட்டும். உன் பிள்ளைகளுக்கு மட்டும் என் முத்தங்கள்.

தேவப்பிரியம்

பி.கு. கவரை ஒட்டுவதற்குள் சம்பந்தியே வந்துவிட்டார், கையில் தடியாக ஒரு டிக்‌ஷனரி. நாலு நாளும் அதைத்தான் புரட்டினாராம். "உங்க மச்சான் சொன்னது சரிதான். ஆனா ஃபாதர், மதர், டாட்டர், வெட்டிங் எல்லாம் அசல் இங்கிலீஷ்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "அங்கிள் மட்டும் பிரெஞ்சு" என்று முகத்தைச் சுளித்தார். அப்புறம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, "தாய்மாமன் இல்லாம மேடையில பொண்ணை எப்படி நிறுத்தறது? வரச்சொல்லுங்க" என்றார். பெனிஷா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடி. மட்டன் நீதான் சமைக்க வேண்டுமாம். விட்டுப்போன பாதிச் சாப்பாட்டை முடிக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.