கல்லறைக்கு முட்டைப் பூச்சு

பொதுமக்களைத் திரட்டுவது எளிது. திரண்டவர்களை நிறுத்துவதுதான் கஷ்டம். இதை நான் இருபது வயதில், காரைக்குடியில் எங்கள் கல்லறைத் தோட்டத்து நடுவே, கையில் ஒரு மாலையோடு நின்று கற்றுக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஆசிரியர் பயிற்சி முடித்து ஊர் திரும்பியிருந்தேன். (வேலை கிடைக்கவில்லை, அதனால் சேவை.) கல்லறைத் தோட்டம் பாட்டன் பூட்டன் காலத்தது. கருவேலம் மண்டி, கற்கள் சாய்ந்து, காரையில் கீறிய பெயர்கள் மங்கிக் கிடந்தன. அம்மாவும் அங்கேதான் இருந்தாள். அவள் முகம் எனக்கு நினைவில்லை. தையல்காரரான அப்பா என்னை அங்கே கூட்டிப்போய், அவள் பெயர்மேல் என் விரலைப் பிடித்து ஓட்டித்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆரோக்கியமேரி. அதனால் எனக்கு ‘ஆ’வுக்கு அப்புறம்தான் ‘அ’.

அந்தப் பெயர் அழிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம். ஆனால் அதை அப்படிச் சொன்னால் யார் வருவார்கள்? ‘பழம்பெரும் கல்லறைகளைக் காப்பது பொதுமக்கள் கடமை’ என்று தெருத்தெருவாகப் போய்ச் சொன்னேன். முள்ளை வெட்டி, கற்களைத் தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் கழுவியதோடு விடுகிற வழக்கம் கிடையாது. பூச்சில் நம் முகம் தெரியாவிட்டால் அது சுவரே இல்லை. சுண்ணாம்பை மைபோல் அரைத்து, முட்டையின் வெள்ளைக்கரு கலந்து பூசி, பளபளக்கும்வரை தேய்ப்பார்கள். கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாதி மதம் பார்க்காமல் ஊரே வந்தது. பெரிய வீட்டு ஆச்சிகள் சுண்ணாம்பு கொடுத்தனுப்பினார்கள். கூடை கூடையாக முட்டை வந்ததைப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்குப் போலிருக்கிறது என்று நெகிழ்ந்துபோனேன். (அவ்வளவு அறிவு.)

வாசலில் கூட்டம் வைத்திருந்தேன். பொதுமக்கள் நினைத்தால் என்னதான் முடியாது என்று நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, அது என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. என்னைத் தொடர்ந்து ஊர்ப் பெரியவர்களும் வெயில் சாயும்வரை முழங்கினார்கள். பிறகு அம்மாவுக்குப் போட மாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

முள் இல்லை. மரங்களும் இல்லை. அம்மாவுக்கு அடையாளமாக நின்ற ஆவாரஞ்செடியும் இல்லை. சாய்ந்த கற்கள் நிமிர்ந்து, விலகியிருந்தவை வரிசைக்கு வந்து, எல்லாம் வெள்ளைவெளேரென்று மின்னின. ஒன்றிலும் பெயர் இல்லை.

கொத்தனார் பெருமையோடு வந்தார். “எழுத்தெல்லாம் பொரிஞ்சு அசிங்கமாக் கெடந்துச்சு தாயி. அடைச்சுச் சமமா இழுத்துட்டோம். இங்குட்டு வந்து பாக்குறீகளா, ஒங்க மொகமே தெரியும்.”

தெரிந்தது. அழுதுகொண்டிருந்தது.

கடையைச் சாத்திவிட்டு அப்பா வந்தபோது நான் ஒரு கொத்துக்கரண்டியால் ஏதோ ஒரு கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பூச்சோடு சேர்ந்து அடியிலிருந்த எழுத்தும் பொடியாக உதிர்ந்தது. யார் பெயரோ. அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “விடும்மா. உள்ளுக்குள்ள பத்திரமா இருக்கட்டும்.” பிறகு வரிசைகளுக்கிடையே கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “உசுரோட இருந்தப்பவும் திருவிழாக் கூட்டத்துல இவளத் தேடித்தான் புடிப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தடவையாவது அப்படிக் கூட்டத்தில் அவளைத் தேட எனக்கு வாய்த்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

கல்லறைத் திருநாளன்று யாருக்கும் தங்கள் கல் எது என்று தெரியவில்லை. என்னைத் திட்டிக்கொண்டே எல்லாரும் எல்லாக் கல்லுக்கும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். வருஷக்கணக்காகக் கேட்பாரற்றுக் கிடந்தவர்களுக்கும் அன்று வெளிச்சம் கிடைத்தது. இன்றைக்கும் அதுதான் எங்கள் வழக்கம். எத்தனையோ ஐப்பசி மழை பெய்துவிட்டது. கொத்தனாரின் பூச்சு அசையவில்லை.

வீட்டில் நான் உதவிக்கு எழுந்தால், “பொதுமக்கள் வாராக, சாமான எடுத்து ஒளிச்சு வைங்க” என்று சொந்தபந்தங்கள் கேலி பேசுவார்கள். அப்பா கடைசி நாட்களில் கேட்டதும் ஒன்றுதான். “எனக்குக் கருங்கல்லு வச்சு ஆழமா வெட்டச் சொல்லும்மா. பொதுமக்கள மட்டும் கூப்பிட்டுறாத.”

அப்படியே செய்தேன். வருஷந்தோறும் அவருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, வெள்ளைக் கற்களிடம் போவேன். ஒவ்வொன்றிலும் விரலால் ஒரு ‘ஆ’ எழுதுவேன். ஏதோ ஒன்றில் அது அம்மாவின் பெயர்மேலேயே விழுந்திருக்கும்.