ரோலர் ஏறிய ஊதுவத்தி மேஸ்திரி

டீசல் என்ஜினுக்கு முன்னால் ஊதுவத்தி கொளுத்தியவர்கள் நாட்டில் ஆயிரம் பேர் இருக்கலாம். என்ஜினுக்குள்ளேயே ஊதுவத்தியை நீட்டியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். ஆரணியிலிருந்து சேவூர் போகும் வழியில் ஷெட் வைத்திருந்த அவருடைய சொந்தப் பெயரை, ஊரில் யாரும் கேட்டதாக நினைவில்லை. ஊதுவத்தி மேஸ்திரி, அவ்வளவுதான்.

பானெட்டைத் திறந்ததும் பத்தியைக் கொளுத்தி மூன்று சுற்று சுற்றுவார். பிறகு அதைக் காற்றுக் குழாய் ஓரமாக மெல்ல நகர்த்துவார். புகை எந்த இடத்தில் உள்ளே இழுபடுகிறதோ அங்கே குழாயில் விரிசல் என்று அர்த்தம். லாரிக்குச் சந்தனம், டிராக்டருக்கு மல்லிகை. பெட்ரோல் வண்டியை மட்டும் ஷெட்டுக்குள் விடவே மாட்டார். காரணம் பக்தி இல்லை, பயம்.

எங்களுடையது பட்டுச் சாயப்பட்டறை. நூல் ஏற்ற ஒரு டீசல் பிக்கப் வைத்திருந்தோம். அதன் என்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பூட்டித் தந்தவர் மேஸ்திரிதான். அடுத்த மாதமே, களம்பூர் மில்லில் வாடகைக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போன அந்த வண்டி சந்தவாசல் பக்கத்து மேட்டில் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. அப்பா டீக்கடையில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி, "மேஸ்திரிக்குக் கை பூட்ச்சிபா!" என்று அறிவித்தார்.

மேஸ்திரி ஆவேசமாக வந்தார். "இன்னா மொதலாளி, மலையத் தூக்கி வண்டில வெச்சிகினு, இழுக்கலன்னா எப்டி? இது வண்டியா, யானையா?"

"இழுக்கலன்னா இழுக்கலதான்யா. புரோக்கருக்குச் சொல்லிட்டேன், வித்துரப் போறேன்."

அப்பா சொன்னதைக் கேட்டு இரண்டு லாரிக்காரர்கள் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். மேஸ்திரியின் பிழைப்பே ஆட்டம் கண்டது. நான்தான் சமாதானத்துக்கு ஒரு வழி சொன்னேன். ராணிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் என்ஜினியரிங் காலேஜில் டைனமோமீட்டர் இருந்தது. தரையில் பதித்த உருளைகள் மேல் பின்சக்கரங்களை நிறுத்தி, வண்டியைப் பெல்ட்டால் கட்டிப்போட்டு ஓட்டினால், சக்கரத்துக்கு எவ்வளவு பலம் வருகிறது என்று திரையில் தெரியும்.

"அந்த ரோலர் என் என்ஜின சொத்தைன்னு சொல்ட்டும், ஷெட்ட மூடிட்டு களம்பூர் மில்லுல மூட்ட தூக்கப் போறேன்" என்றார் மேஸ்திரி. அப்பா உடனே ஒப்புக்கொண்டார்.

மேஸ்திரி வண்டியைத் தயார்ப்படுத்தியதைக் கல்யாண ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். காலேஜில் சொல்லியிருந்தபடி சாமான்களை இறக்கினார். ஆயில், தண்ணீர், ஃபேன் பெல்ட் பார்த்தார். ஃபில்டர்களைப் புதிதாக மாட்டினார். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றினார். டயர் இடுக்கில் சிக்கிய கற்களை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துக் காற்றையும் சரிபார்த்தார். பக்கத்தில் நின்று தும்மியதற்காக என்னை வெளியே துரத்தினார். மறுநாள் காலையில் வண்டி மினுமினுவென்று நின்றது.

காலேஜில் ஓர் இளம் மேடம்தான் பொறுப்பு. வண்டியைக் கட்டி, சூடேற்றி, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். என்ஜின் அலறியது. சக்கரம் சுழன்றது. திரையில் இருந்த எண்ணோ ஒரு மொபெட்டுக்குக்கூட மரியாதையாக இருக்காது.

மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை. அப்பா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

மேடம் என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, குனிந்து டயரைத் தொட்டு விரலை முகர்ந்தார். "என்னங்க இது, வெளக்கெண்ணெயா?"

"பளபளப்பா இருக்கட்டுமேன்னு நான்தாம்மா ராத்திரி தேச்சேன்" என்றார் மேஸ்திரி.

"டயர் ரோலரைப் பிடிக்காம வழுக்குது. இந்த அளவு செல்லாதுங்க."

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "யோவ், என்ஜின் தோத்துச்சின்னா நான் ஊரெல்லாம் பேசலாம். எண்ணெ தோத்துச்சின்னு எப்டியா பேசறது? தொடைக்கலாம் வா, ஜல்தி!"

வழியில் பட்டறைக்கு வாங்கிய சோப்பும் சோடா உப்பும் என் காலடியில் இருந்தன. பட்டு நூலின் பசையைப் போக்க நாங்கள் அதில்தான் வேகவைப்போம். பசையே போகும்போது எண்ணெய் போகாதா என்று வெந்நீரில் கரைத்துக் கொடுத்தேன். ஆளுக்கொரு டயரைப் பிடித்து அப்பாவும் மேஸ்திரியும் எதிரிகள் மாதிரி தேய்த்தார்கள். நான் ரோலரைத் துடைத்தேன். ஈரம் நன்றாகக் காய்ந்ததும் மறுபடி ஓட்டினோம்.

எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. மேடம் நிமிர்ந்து, "இந்த வயசு வண்டிக்கு இவ்வளவு பலம் ரொம்ப நல்லது. லோடை மட்டும் குறைங்க" என்றார்.

மேஸ்திரி ஒரு பத்தியைக் கொளுத்தி ரோலருக்குக் காட்டினார்.

அன்று சாயங்காலமே அப்பா அதே டீக்கடையில், அதே குரலில், "மேஸ்திரி கை கைதாம்பா! மூட்டைய நான்தான் அதிகமா ஏத்திட்டேன்" என்றார். லாரிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். புரோக்கர் வரவில்லை.

ஊர் திரும்பும் வழியில் நான் கேட்டிருந்தேன். "ஏன் மேஸ்திரி, உங்க பொழப்பே தொங்கிகினு இருக்குது, இந்த நேரத்துல டயருக்கு எண்ணெ எதுக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பெரிய காலேஜு தம்பி. நாலு பேரு பாக்கற எடத்துல உங்க வண்டி அழுக்கா நின்னா, உங்களுக்குத்தான கொறச்சலு?"

நாளைக்கு ஷெட் இருக்குமா என்று தெரியாத ராத்திரியில், எங்கள் மானத்துக்காக உட்கார்ந்து டயர் தேய்த்த மனிதர் அவர். இன்றைக்கும் எங்காவது விளக்கெண்ணெய் வாசனை வந்தால், எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.