சாக்கில் இருந்தவை காலி பாட்டில்களே

தென்காசி
12.8.1957

அன்புள்ள மச்சான் சங்கரபாண்டி அவர்களுக்கு, நாறும்பூநாதன் எழுதிக்கொண்டது. இங்கே கைவிரல்கள் நீங்கலாக யாவரும் க்ஷேமம். அங்கே விரல்கள் உட்பட யாவரும் க்ஷேமமாக இருக்க இலஞ்சிக் குமரன் அருள்புரிவானாக.

தாங்கள் பேசி முடித்த சம்பந்தத்தை மாப்பிள்ளையின் தகப்பனார் வீரகேரளம்புதூர் நல்லகண்ணு அண்ணாச்சி நிறுத்தி வைத்திருப்பதாகவும், பெண்ணின் தகப்பன் குடிகாரன் என்று காரணம் சொன்னதாகவும் தங்கள் கார்டில் படித்தேன். மச்சான், காப்பியில் டிக்காஷன் கூடினாலே எனக்குத் தலை சுற்றும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டி, என் மகள் முத்துவடிவின் கல்யாணத்தைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

போன சாரலுக்குக் குற்றாலம் வந்த காலேஜ் வாத்தியார் ஒருவர், உழவு நிலத்தில் கிடைத்தது என்று ஒரு கல் அம்பு முனையைக் காட்டி, அந்தக் காலத்தில் இதை எப்படித்தான் செய்தார்களோ என்று சொல்லித் தொலைத்தார். "செஞ்சு பார்த்தா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றாள் தங்கள் மருமகள் முத்துவடிவு. அன்று பிடித்தது. தோதான கல் கிடைக்காமல் பாட்டிலின் அடிக்கண்ணாடிக்கு வந்தாள். அந்த வட்டத்தைத் தட்டிப் பிரித்து, உள்ளங்கையில் பழைய செருப்புத் தோலை விரித்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, செம்புக் கம்பியின் முனையால் ஓரத்தில் அழுத்துகிறாள். அடிப்பக்கம் மீன் செதில் போல ஒரு சில்லு தெறிக்கிறது. திருப்பிப் போட்டு மறுபடியும் அழுத்துகிறாள். முப்பத்தேழு உடைந்தது மச்சான்! எல்லாம் முடிந்து, குச்சியில் வைத்துக் கட்ட இரண்டு பக்கமும் பள்ளம் எடுக்கும்போதுதான் 'டிக்' என்று இரண்டாகும். நான் தலையில் கை வைப்பேன். அவளோ "அவசரப்பட்டுட்டேம்ப்பா" என்று அடுத்ததை எடுப்பாள். தங்கள் தங்கை ஆவுடைத்தாய், "ஏட்டி, பொண்ணு பார்க்க வாற நேரத்துல பத்து விரல்லயும் துணியச் சுத்திக்கிட்டு நிக்கியே!" என்று கத்துவாள். புறவாசலில் சில்லு ஏறி நாலு நாள் தாலுகா ஆபீசுக்கு நொண்டிக்கொண்டே போனேன். முப்பத்தெட்டாவது நின்றது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. இருபது வருஷம் ரிஜிஸ்தரில் கோடு போட்ட எனக்கு ஸ்கேல் வைத்தாலும் அப்படி வராது. பெற்ற பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிட்டால் தப்பா என்று நினைத்தேன், அவ்வளவு சந்தோஷம்.

இனி வினைக்கு வருகிறேன். சோடா பாட்டிலில் குமிழி இருக்கிறது, அடுத்ததற்குப் பிராந்தி பாட்டில்தான் தடிப்பு என்றாள் மகள். மதுவிலக்குள்ள நாட்டில் அதற்கு எங்கே போக? குற்றாலத்தில் பெர்மிட் வைத்த துரைமார் தங்கும் பங்களாவின் குப்பைமேட்டில் பதினோரு காலி பாட்டில் பொறுக்கி, சாக்கில் கட்டி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் நல்லகண்ணு அண்ணாச்சி! "என்னவே, சாக்குல கலகலங்குது?" என்றார். பெண்ணின் கைவேலையைச் சொல்லப் பயந்து, "கஷாயம் அண்ணாச்சி, வீட்டுல மூட்டுவலி" என்றேன். அடுத்த வளைவிலேயே முடிச்சு அவிழ்ந்து ஒரு பாட்டில் உருண்டு அவர் காலடியில் நின்றது, லேபிளோடு. குனிந்து வாசித்தார். "நல்ல கஷாயம்வே" என்றார்.

ஆகவே, நான் குடிக்கிறவன் இல்லை என்றும், முப்பத்தேழு உடைந்தும் முகம் சுளிக்காத பெண் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீடு கொடுத்து வைத்தது என்றும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அக்காளுக்கு என் வணக்கம். பிள்ளைகள் பதினாறும் பெற்று, பத்து விரலோடும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நாறும்பூநாதன்

பின்குறிப்பு: இதை ஆவுடைத்தாயிடம் வாசித்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "கிறுக்கா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு? குடிகாரன் மகளக் கட்டாத ஊரா இது? திருந்திட்டாருன்னா முடிஞ்சு போச்சு. குப்பைமேட்டுப் பாட்டில ஒடைச்சு அம்பு செய்யுத பிள்ளைய எவன் கட்டுவான்? தாலி ஏறட்டும், பிறவு அவ கம்பிய மெதுவா வெளிய எடுக்கட்டும்" என்கிறாள். யோசித்தால் அதுதான் சரியாகப் படுகிறது. என் பேர் போனால் போகட்டும், பிள்ளை கையிலிருந்து அந்தக் கம்பியை யாரும் பிடுங்கக் கூடாது. ஆகையால் இக்கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். நாறும்பூநாதன் குடித்தது வாஸ்தவம், பண்பொழி மலைக்கோயிலில் சத்தியம் செய்து விட்டுவிட்டான் என்று சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் மச்சான், சாராயம் என்று சொல்லிவிடாதீர்கள். பிராந்தி என்று சொல்லுங்கள்.