சீனியருக்குச் சர்க்கரை பூச்சியம்

இத்தாலியின் பலெர்மோவில் எந்த வைத்தியரும் சீனியருக்கு வைத்தியம் பார்த்ததில்லை. சீனியர்தான் அவர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார்.

சீனியர் என்பது வயதுக்குக் கொடுத்த மரியாதை அல்ல. அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அதைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் யாருக்கும் அவர் வணக்கம்கூடச் சொன்னதில்லை. ஆகவே சீனியர். மன்னாரில் ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் அவருடைய பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதி அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. பொலிதேயாமா பகுதியில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அவர் வாசல் காவலாளி. அங்கேயே நான் அலுவலகங்களைத் துப்புரவாக்கினேன். எனக்கும் சீனி வருத்தம்தான். எங்களுடையது இரத்த உறவு என்று சொல்வதில் தப்பில்லை.

அவருடைய உணவுக் கட்டுப்பாடு மிகக் கடுமையானது. தேத்தண்ணிக்குச் சீனி தொடமாட்டார். குடித்து முடித்ததும் இனிப்புப் பாலாடை அடைத்த ஒரு கன்னோலி சாப்பிடுவார்.

“என்னண்ணை இது?” என்றால், “தேத்தண்ணிக்குப் போடாத சீனிதானே தம்பி இது!” என்பார்.

இப்படிப்பட்டவர்களைத் திருத்த ஒரு திட்டம் வந்தது. வயதான குடியேறிகளின் சீனி வருத்தத்தைக் கைத்தொலைபேசியாலேயே அடக்கிவிடுவதாம். எங்கள் கிளினிக் தாதி, நல்ல மனமுள்ள இத்தாலியப் பெண், எங்கள் இருவருடைய போனிலும் ஒரு செயலியை ஏற்றிவிட்டார். “உங்கள் மொழியில், உங்கள் பண்பாட்டுக்கு ஏற்றபடி” என்றார். பண்பாடு என்பது முகப்பில் இருந்த ஒரு தாமரைப்பூ. உணவுப் பட்டியலில் பாஸ்தா மட்டும் பதினாறு வகை இருந்தது. புட்டு இல்லை.

சீனியர் அசரவில்லை. புட்டைக் குஸ்குஸ் என்று பதிந்தார். “ரெண்டும் அவிச்ச மாதானே? ஒரே குடும்பம்.” எத்தனை கிண்ணம் என்று அது கேட்டது. ஒன்று என்றார். அந்தக் கிண்ணத்தில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். செயலி, “அருமை! தொடருங்கள்!” என்று பாராட்டியது. அவரும் தொடர்ந்தார்.

ஒரு மத்தியானம் அது கேட்டது: “இன்று உங்கள் சர்க்கரை எவ்வளவு?”

எங்கள் பேச்சில் வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுகிற பழுப்புக் கட்டி. “பல்லரோச் சந்தை முழுக்கத் தேடினாலும் இஞ்சை சர்க்கரை கிடைக்காது. இது விசரோ?” என்று திட்டியபடி சீனியர் பூச்சியத்தை அழுத்தினார்.

இரத்தத்தில் சீனி பூச்சியம் என்றால் ஆள் உயிரோடு இருக்க முடியாது. செயலி தானாகவே கிளினிக்குக்கு அறிவித்தது; கொஞ்ச நேரத்தில் அம்புலன்ஸ் வாசலில் நின்றது. சீனியர் கையிலிருந்த அரன்சினா என்ற பொரித்த சோற்றுருண்டையைக் கீழே வைத்துவிட்டு, கடமை தவறாத காவலாளியாக எழுந்து ஓடினார்.

“நாலாம் மாடிச் சிஞ்ஞோராதான்! அவ கனநாள் தாங்கமாட்டா எண்டு நான் அப்பவே சொன்னனான்!”

சாப்பாட்டு மேசையில் இருந்த அந்த வயதான சிஞ்ஞோராவைத் தூக்குபடுக்கையில் ஏற்றியும்விட்டார்கள். அவர் முள்ளுக்கரண்டியால் எதிர்த்த பிறகுதான் நோயாளியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். சீனியர் தன் பெயரைத் தானே மறந்து, “அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை” என்றார்.

தாதி கோபப்படவில்லை. செயலியின் தமிழைத் திருத்தித் தரும்படி சீனியரிடமே கேட்டார். அதைவிடப் பெரிய தண்டனையை எங்கள் சனத்துக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. பட்டியலில் புட்டும் இடியப்பமும் ஏறின. கேள்விகளைச் சீனியர் சொந்தக் குரலில் பதிந்தார்.

“அக்கா, அண்ணை, சீனி எவ்வளவு? பொய் சொல்லாதேங்கோ! காலைப் பாத்தனீங்களோ? விரலிடுக்கையும் பாருங்கோ!”

கேள்விக்கான நேரத்தையும் அவரே தெரிவு செய்தார். முதல் ஞாயிறு, பூசையில், பிரசங்கம் உச்சத்தில் இருந்தபோது எட்டுக் கைப்பைகள் ஒரே குரலில் அதட்டின. “கடவுள்கூட இவ்வளவு கேள்வி கேக்கமாட்டார்!” என்று போர்கோ வெக்கியோவில் இருக்கிற ரெஜினா அக்கா சீறினார். ஆனால் அன்று பின்னேரமே குனிந்து காலைப் பார்த்திருக்கிறார். குதிக்காலில் அவருக்கே தெரியாத புண். நேரத்தோடு மருந்து கட்டியதால் ஆறியது. சீனியர் ஒரு மாதம் ரெஜினா அக்காவின் குதிக்காலைப் பற்றியே பேசினார்.

பிறகு ஒருநாள் கதிரையில் இருந்த அவருடைய போன் கேட்டது: “காலைப் பாத்தனீங்களோ?” குனியாமலே ‘ஓம்’ என்று அழுத்தினார்.

“பாக்கேல்லையே அண்ணை?” என்றேன்.

“அது என்ரை குரல். எனக்கு நானே புத்தி சொல்லுறதோ?”

ஆனால் கொஞ்ச நாளாக அவர் நொண்டுவதைக் கவனித்திருந்தேன். குனிந்து சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். சின்ன விரல் கறுத்திருந்தது. சீனியர் அதைப் பார்க்கவில்லை. கண்ணை வாசலிலேயே வைத்திருந்தார்.

“தெரியும், தம்பி,” என்றார் மெதுவாக. “பாத்தால் வெட்டச் சொல்லுவாங்கள். அதுதான் பாக்கேல்லை.”

அவ்வளவு காலமும் பேசிய மனிதர், ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பேசவில்லை. விரல் போனது, கால் தப்பியது. மூன்றாம் நாள், புண்ணுக்கு எப்படித் துணி சுற்றுவது என்று சத்திரசிகிச்சை வைத்தியருக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் இருவருமாகப் பல்லரோவுக்கு மரக்கறி வாங்கப் போகிறோம். ஒவ்வொரு சந்தியிலும் நான் நின்றுவிடுகிறேன்.

“என்ன தம்பி, ஏலாதோ?” என்று சீனியர் நக்கலடிப்பார்.

“முழங்கால் நோகுதண்ணை, கொஞ்சம் நிண்டு போவம்” என்பேன்.

என் முழங்கால்களுக்கு ஒரு குறையும் இல்லை.